பாதி ஊற்றிய கோப்பை

வியாழக்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜீனத் டீச்சர் போய்விட்டார். நெஞ்சுவலி; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. பிரஷர் மாத்திரையை மறந்ததற்காகப் போன வாரம்தான் என்னைத் திட்டியிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

தென்காசியில் எங்கள் பள்ளியில் அவரிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அந்தப் பீங்கான் கோப்பை நினைவிருக்கும். அவர் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. மஞ்சளும் ஊதாவும் செங்கல் நிறமுமாக வளையங்கள், கோடுகள். எப்படித் திருப்பினாலும் இன்ன உருவம் என்று சொல்ல முடியாது. கணக்கு சார் ஒருநாள், "இது என்ன டீச்சர், மீன் படமா, கண் படமா?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியாது சார். தெரியாட்டாலும் நல்லாத்தான இருக்கு" என்றார் ஜீனத். அறிவியல் டீச்சர் பேசுகிற பேச்சா இது என்று நான் கிண்டல் செய்தேன்.

இடைவேளையில் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி ஊற்றுவார். நான் அண்ணாந்து குடிப்பேன். கீழப்பாவூரில் எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி என்று சொல்லிவைத்திருந்தேன். அது முழு உண்மை இல்லை. மற்ற டீச்சர்கள் தந்த டம்ளரில் வாய் வைத்துத்தான் குடித்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் இருந்த ஜீனத் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்?

ஒரு சாரல் காலத்தில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். ஐந்தருவியில் நனைந்து, பல் தந்தியடிக்க நின்றேன். டம்ளர் கொண்டுவரவில்லை. ஜீனத் தன் கோப்பையிலேயே நிறைய ஊற்றி நீட்டினார். அதையும் அண்ணாந்துதான் குடித்தேன். விளிம்பு தடிமன், காப்பி மூக்கிலும் கழுத்திலும் கொட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன் முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தபடி, "பதறாதீய டீச்சர், சூடு கம்மிதான்" என்றார். வாய் வைத்துக் குடியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. அதன்பின் ஏழெட்டு வருடம் ஒரே மேஜையில் இருந்தோம். சொல்வதற்கு எத்தனையோ இடைவேளைகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உயிரோடு இருந்தபோது எத்தனை தடவை கூப்பிட்டும் போகாத வீடு. அவர் மகள் அந்தக் கோப்பையில் காப்பி கொண்டுவந்தாள். பாதிதான் இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

"தப்பா நினைக்காதீய டீச்சர். உம்மா சொல்லிருக்காங்க. கோமதி டீச்சர் என்னைக்காவது நம்ம வீட்டுக்கு வந்தா இதுலதான் குடுக்கணும், ஆனா பாதிதான் ஊத்தணும், அண்ணாந்து குடிப்பாங்க, மேல கொட்டிரும்னு."

விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். அழுகையும் காப்பியும் சேர்ந்து இறங்கின.

கிளம்பும்போது அவள் கோப்பையைக் கழுவி, எடுத்துப் போகச் சொல்லி நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். என் குறை தெரிந்தும் முகம் கோணாமல், அதற்குத் தக்க அளவில் ஊற்றச் சொல்லியிருந்தாரே ஜீனத், அந்தப் பாதி அளவை எனக்கென்று வைத்துக்கொண்டேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவளிடம் சொன்னேன்:

"அடுத்த தடவை நிறைய ஊத்தும்மா."