சந்தனப் பொட்டு

மானிட்டரின் முதுகில் மாட்டிவிடலாம் போன்ற சின்ன மினி பிசி ஒன்று வாங்கியிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் கொடுப்பதற்காகத் துடைத்தபோது, கேபினட்டின் நெற்றியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது வைத்தது.

நாங்கள் அப்போது இருந்த விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்த வருடம், ஆயுத பூஜையன்று அதற்கும் சாமந்தி மாலை போட்டார். கீழே நின்ற ஸ்கூட்டருக்கும்தான். அன்று மாலைக்குள் அக்கா ஒரு வேலைக்கு மெயிலில் விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது.

"பூஜையில வெச்சத இன்னிக்குத் தொடக்கூடாது," என்றார் அப்பா.

"அப்ப சைபர் கஃபேல கொண்டு விடுங்க."

அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதுவும் பூஜையில் இருப்பது நினைவுக்கு வந்ததும் ஆணியில் திரும்ப மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் ஆளந்தி ரோட்டில் வெயிலில் நடந்தோம்.

கஃபே வாசலில் அக்கா கேட்டாள். "இதுவும் கம்ப்யூட்டர்தானேப்பா?"

"இது நம்மளது இல்லையே."

அவள் அனுப்பி முடிக்கும்வரை அப்பா உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

இன்று அக்காவுக்குப் போன் செய்தேன். புதியதில் மேலேயும் பக்கங்களிலும் காற்றுத் துளைகள், பொட்டு வைக்கவே இடமில்லை என்றேன்.

"பொட்டு எங்க வெச்சா என்னடி?" என்றாள். "ஆயுத பூஜையன்னிக்கு நம்மகூட நடந்து வர இனி ஆள் யாரு?"