மதலேன் அக்கா கையிலை முடிஞ்ச துண்டு

என்ரை மனிசி திரேசம்மா சாகக் கிடந்த கதையைத்தான் சொல்லப்போறன். மதலேன் அக்கா எங்களை விட்டுப் போய் இண்டைக்கு முப்பத்தோராம் நாள், இண்டைக்கெண்டாலும் இந்த மாதா கோயிலிலை சொல்லவேணும். நான் பள்ளிக்கூடம் போகாதவன், முன்னுக்குப் பின்னாத்தான் வரும். பொறுத்துக் கேளுங்கோ.

சண்டை முடிஞ்சு ரெண்டு மூண்டு வருசம் இருக்கும். மாரி தொடங்கின நேரம். மனிசிக்குத் தாங்கேலாத வயித்துக்குத்து. நெடுந்தீவிலையிருந்து லோஞ்சுப் படகிலை ஏத்தி, குறிகட்டுவானிலை இறக்கி, வான் பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். கடல் வெள்ளை வெள்ளையா அடிச்சுது. சின்ன வயசிலையிருந்து தொழிலுக்குப் போன எனக்கே கடலிலை பயம் வந்தது அண்டைக்குத்தான்.

வயித்தை வெட்டவேணும் எண்டிட்டினம். பொம்பிளையள் வாட்டிலை துணைக்குப் பொம்பிளைதான் நிக்கலாம். எங்களுக்குப் பொம்பிளைப்பிள்ளை இல்லை. ஒரே மோன், அவனையும் கடல் கொண்டுபோட்டுது. மனிசியின்ரை சகோதரியள் வன்னிக்குப் போனவை போனவைதான். ஆஸ்பத்திரி வாசல்லை நிண்டு அழுதனான். மாதாவே, ஓடியாடிப் பாக்கிற ஒருத்தியை அனுப்பு தாயே எண்டு கேட்டனான்.

அடுத்தநாள் காலமை வந்து நிண்டது மதலேன் அக்கா. ரெண்டு கண்ணும் தெரியாத மனிசி. சின்னனிலை அம்மாள் வருத்தம், அம்மை போட்டுப் போன கண். இஞ்சை இருக்கிற உங்களிலை கனபேருக்கு அவ துணைக்கு நிண்டவ. சைவ ஆக்களுக்கும் நிண்டவ. ஆருமில்லாமல் ஒராள் வாட்டிலை கிடக்கு எண்டு காதிலை விழுந்தால் காணும், லோஞ்சிலை ஏறிவிடுவா. எனக்கு அண்டைக்கு விசர்தான் வந்தது.

"அக்கா, நீங்கள் வந்து என்னத்தைப் பாக்கப்போறியள்?"

"நான் பாக்க வரேல்லை, சூசை. நிக்க வந்தனான். வழியை விடு."

அவவிட்டை ஒரு பழைய பருத்திச் சீலைத்துண்டு இருந்தது. ஒரு நுனியை மனிசியின்ரை மணிக்கட்டிலை கட்டி, மற்ற நுனியைத் தன்ரை கையிலை முடிஞ்சுகொண்டு கதிரையிலை இருந்தா. ஆள் அசைஞ்சால் துண்டு இழுக்கும். அதுதான் அவவின்ரை கண்.

வெட்டி மூண்டாம் நாள் மத்தியானம். நல்ல நித்திரை, விடுங்கோ எண்டு பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருக்கிறா. அக்கா விடேல்லை.

"நித்திரையிலையும் இவ விரல் ஆட்டுறவ. இப்ப துண்டு அசையேல்லை."

தடவிப் பாத்தால் கை சில்லிட்டுக் கிடந்ததாம். கத்தினா. நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து, உடனை டொக்டரைக் கூப்பிட்டுது. உள்ளுக்கை ரத்தம் கசிஞ்சிருக்கு. திரும்பவும் வெட்டிக் காப்பாத்தினவை. பிந்தியிருந்தால் ஏலாது எண்டு டொக்டர் என்னட்டைச் சொன்னவர். அந்தத் திரேசம்மாதான் உங்கை ரெண்டாவது வாங்கிலை இருக்கிறா, பாருங்கோ.

போன பெருநாளுக்கு அக்காவைக் கௌரவிச்சம். பொன்னாடை போத்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலும் குடுத்தம். கண் தெரியாத மனிசிக்கு எழுத்து. எங்களிலை ஒருத்தருக்கும் அது மண்டையிலை ஏறேல்லை.

"சூசை, இதிலை என்ன எழுதிக்கிடக்கு?"

"எனக்கும் எழுத்துத் தெரியாதே, அக்கா."

"அப்ப ரெண்டுபேருக்கும் ஏத்த சாமான்தான் தந்திருக்கினம்."

கோயில் முழுக்கச் சிரிச்சது. பொன்னாடையையும் விரலாலை உருட்டிப் பாத்தா. "இது வழுக்குது. முடிச்சு நிக்காது" எண்டா. அதுக்கும் சிரிச்சம். இப்ப நினைச்சால் நெஞ்சு எரியுது. அந்த வயசிலையும் அடுத்த வருத்தக்காரியைத்தான் அவ நினைச்சிருக்கிறா.

பிறகு ரெண்டு மாசம் போகேல்லை, அக்கா விழுந்திட்டா. எல்லாருக்கும் நிண்டவவுக்கு நிக்கத் திரேசம்மா போனா, அதே துண்டைக் கையிலை முடிஞ்சுகொண்டு. நான் வாசல்லை நிண்டு மாதாட்டைத் திரும்பவும் கேட்டனான், எழுப்பித் தா தாயே எண்டு. எழுப்பேல்லை. ஐஞ்சாம் நாள் காலமை அக்கா துண்டை மெல்ல இழுத்தவவாம்.

"நிக்கிறியோ பிள்ளை?"

"ஓமக்கா, நிக்கிறன்."

அதுக்குப் பிறகு துண்டு அசையேல்லை.

என்னத்தைப் பாக்கப்போறியள் எண்டு அண்டைக்கு நான் கேட்ட கேள்விக்கு அவவிட்டை மன்னிப்புக் கேக்கேல்லை. அந்தப் பாரம் என்னோடைதான் கிடக்கு. இப்ப திரேசம்மா பொம்பிளையள் வாட்டுக்குப் போறா, நான் ஆம்பிளையள் வாட்டுக்குப் போறன். துண்டை ரெண்டாக் கிழிச்சு வைச்சிருக்கிறம். ஆரும் தனியக் கிடந்தால் லோஞ்சுக்காரரிட்டைச் சொல்லி அனுப்புங்கோ.

உங்களுக்கும் ஒரு இடைஞ்சல் வந்தால் மாதாட்டைக் கேளுங்கோ. கட்டாயம் ஆள் அனுப்புவா. வந்து நிக்கிற ஆளைப் பாத்து, நான் கேட்ட கேள்வியை மட்டும் கேட்டுப்போடாதேங்கோ.