தம்பியைத் தலைமுழுகினவன்

உயிரோடு இருந்த தம்பிக்குத் தலைமுழுகிய முட்டாள் நான். உறவு செத்துப்போனால் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு கணக்குத் தீர்ப்பார்களே, அந்தக் குளியல். தியாகராய நகரில் என் தம்பி சீனு சௌக்கியமாகச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருப்பான். மயிலாப்பூர்க் கிணற்றடியில் நான் அவனுக்காக முழுகிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் எனக்குப் பிழைப்பு பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுவது. இதைப் படிக்கும் நம் சத்சங்கத்து அன்பர்கள் சிரித்தால் தவறில்லை.

காரணம் ஒரு கொள்ளி. அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசியில் அம்மா சீனு வீட்டில் காலமானாள். நான் வடக்கே போயிருந்தேன். தந்தி கிடைத்து ஓடிவந்தால், வழியில் மழை வெள்ளத்தில் ரயில் நின்றுவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெற்றவளுக்கு நெருப்பு வைப்பது மூத்த பிள்ளை. அவன் வர வழியில்லை என்றால்தான் இளையவன். சீனு வைத்துவிட்டான். எனக்கு அம்மாவின் முகம்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முதல் திவசமான வருஷாப்திகம் முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது வெடித்தேன். "அரை நாள் பொறுக்க முடியலையாடா உனக்கு? நீ எனக்குச் செத்துட்டே!" என்று கத்தினேன். சீனு இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அந்த வாரக் கடைசியில்தான் அந்தக் குளியல்.

அதன்பிறகு அம்மாவின் திவசத்தை இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் செய்தோம். இருவருக்கும் ஒரே புரோகித வாத்தியார். இங்கே பிண்டம் வைத்த கையோடு தியாகராய நகருக்குச் சைக்கிள் மிதிப்பார். அம்மா எப்படிப் போய்வந்தாளோ தெரியாது.

நான் நாசமானேன். சோறு இறங்காது. எழுதினால் ஆசிரியர், "என்ன சார், ஒரே காரமா இருக்கே?" என்று திருப்பித் தருவார். என் மனைவி ஜானகி ஒருநாள், "ஏன்னா, நீங்க சீனுவோடதான் குடித்தனம் பண்றேள். எங்கிட்ட பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்றாள். ஒரு சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்து, இதோடு எதற்காக இன்னும் இருக்க வேண்டும் என்று யோசித்ததும் உண்டு. அன்று வீட்டுக்கு எப்படித் திரும்பினேன் என்று நினைவில்லை.

நம் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஜானகிதான் இழுத்து வந்தாள். கண்ணை மூடு, மூச்சைப் பார், மனசில் வருவதைக் கற்பகாம்பாள் காலடியில் போடு என்றார்கள். மூடினேன். உடனே உள்ளே ஹைகோர்ட் திறந்துகொண்டது. நானே வக்கீல், நானே ஜட்ஜ். சீனு கூண்டில். மூச்சை எங்கே பார்ப்பது? தினம் விடியற்காலையில் குளித்து, விபூதி பூசி, பத்மாசனத்தில் உட்கார்ந்து தம்பியைத் தண்டித்தேன். பார்த்தவர்கள் என் முகத்தில் தேஜஸ் என்றார்கள். தீர்ப்புச் சொல்லும் உற்சாகம் அது.

இப்படியே சில வருஷம். ஒரு மாசி மாதம் ஜானகி வந்து நின்றாள். "சீனுவுக்குத் தொண்டைல கட்டியாம். அடையாறு ஆஸ்பத்திரில சேர்த்திருக்கா."

சொல்லக் கூசுகிறது. முதலில் எனக்குள்ளே எழுந்தது சந்தோஷம். ஒரு நொடிதான். ஆனால் சந்தோஷம்தான்.

அந்த நொடியைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். பூஜை அறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஆசனம் இல்லை, மந்திரம் இல்லை. "தாயே, இதை என்னால் கீழே வைக்க முடியவில்லை. கை ஒட்டிக்கொண்டுவிட்டது. நீ பிடுங்கிக்கொள்" என்று அழுதேன். நான் கேட்ட முதல் உண்மையான பிரார்த்தனை அதுதான். அதுவரை கேட்டதெல்லாம் மனு.

அழுது ஓய்ந்தபிறகு மூச்சு தானாக வந்து போனது. கோர்ட் கூடவில்லை. அதற்குப் பதிலாகச் சீனு தெரிந்தான். ஈர வேஷ்டி, தோளில் பானை. மயானத்தில் சுற்றி வருகிறான். ஒவ்வொரு சுற்றிலும் தெருப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நான் அங்கே இல்லை. இதை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பார்த்தேன். அவன் யாரைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணைத் துடைக்கத் துடைக்க வழிந்தது. நான் நீட்டிய பத்து ரூபாய் நோட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டுக் கண்டக்டர், "இன்னா சாமி, சில்லறை இல்லாங்காட்டி இதுக்குப் போய் அழுவுறே? அப்பாலே குடு" என்றார்.

வார்டில் சீனு பாதியாகக் கிடந்தான். மறுநாள் ஆபரேஷன். பக்கத்தில் அவன் மனைவி பத்மா. என்னைக் கண்டதும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். சீனு என்னையே பார்த்தான். தொண்டையிலிருந்து காற்று மாதிரி வந்தது குரல்.

"என்ன அண்ணா, ரயில் லேட்டா?"

கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்மாதான் சொன்னாள்: "அம்மாவை எடுத்த அன்னிக்கு, பொழுது சாயறதுன்னு எல்லாரும் விரட்டினா. அண்ணா வந்துடுவான், அண்ணா வந்துடுவான்னு அடம் பிடிச்சார்."

பிரார்த்தனை பலித்தது என்றால் தம்பி பிழைத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். ஆபரேஷனோடு குரல் போயிற்று. அடுத்த கார்த்திகையில் அவனும் போனான். இடையில் கிடைத்த மாதங்களில் தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போவேன். பேச முடியாத அவனும், பேசி இத்தனையும் கெடுத்த நானும் எதிரெதிரே கண்ணை மூடி உட்கார்வோம். மனம் அடங்குவது என்னவென்று அங்கேதான் தெரிந்தது. சில நாள் நான் கண்ணைத் திறந்தால், அவன் ஏற்கனவே திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுக்குக் குழந்தை இல்லை. மயானத்தில் வாத்தியார், "யாரு செய்யப்போறா?" என்றார். நான் கையை நீட்டினேன். இத்தனை வருஷம் கேட்டு அழுத கொள்ளி அப்படித்தான் என் கைக்கு வந்தது. சுற்றி வரும்போது, பழைய கோபம் எங்கே என்று உள்ளே தேடினேன். இல்லை. துக்கம் மட்டும் இருந்தது. அது இன்றும் இருக்கிறது. அதை எடுத்துவிடும்படி அம்பாளிடம் நான் கேட்கவில்லை.

யார் மேலாவது வெறுப்பைச் சுமந்துகொண்டு இதைப் படிக்கிறீர்களா? நாளைக் காலை கொஞ்சம் உட்காருங்கள். கோர்ட் கூடினால் பயப்பட வேண்டாம், கூடத்தான் செய்யும். என்னால் முடியவில்லை என்று அம்பாளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு பஸ் ஏறுங்கள். தாமதம் செய்யாதீர்கள், எனக்குக் கிடைத்தது சில மாதங்களே.

இதை எழுதி முடித்து ஜானகியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை படித்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"ஏன்னா, நீங்க முழுகின அன்னிக்கு சனிக்கிழமை. நல்லெண்ணெய் காய்ச்சச் சொன்னேள், வெந்நீர் போடச் சொன்னேள், அப்புறம் சீயக்காய் போறலைன்னு கிணத்தடிலேர்ந்து கத்தினேள். சாவுக்கு முழுகறவா யாராவது சீயக்காய் கேப்பாளா? சீனுவை நீங்க ஒழுங்காத் தலைகூட முழுகலை."