இஸ்மாயில் அண்ணையும் அந்தப் பொன்னாடையும்

இஸ்மாயில் அண்ணை போய்விட்டார். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்.

டென்மார்க்கில் எங்கட இக்காஸ்ட் ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு... ஸ்டேஷனுக்குப் பக்கத்து மரக்கறிக் கடைக்காரர். துருக்கி ஆள். எங்கட தமிழ் ஆக்களுக்கு முதலே இங்கே வந்து, துணி பக்டரியில் அப்பாவுக்கு மெஷின் பழக்கினவர். அப்பா "அண்ணை" என்று கூப்பிட, பிறகு ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

தமிழ்க் கடை இல்லாத காலத்தில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தேடி எடுத்துத் தந்தது அவர்தான். கதவைத் திறந்தால் "வாங்கோ, வாங்கோ!" அதோடு அவருடைய தமிழ் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் டேனிஷ்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கட்சித் தலைவர். அவர் பெயரை இந்தப் பதிவில் எழுத மனமில்லை.

நான் பிறக்க முதலே அந்தாள் பாராளுமன்றத்தில். நான் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டேன், இன்னும் அவர்தான் தலைவர். முதலில் எல்லாரும் சிரித்த சின்னக் கட்சி. பிறகு அவர் கை உயர்த்தாமல் அரசாங்கம் நடக்காது.

எல்லையைப் பூட்டு. முக்காட்டைத் தடை செய். வெளிநாட்டிலிருந்து மனைவியைக் கூப்பிட விடாதே. அகதி என்றால் சண்டை முடியத் திருப்பி அனுப்பு... வருடக்கணக்காக ஒரே பேச்சு. கோட் மட்டும் நல்லதாகிக்கொண்டே போனது.

அவர் பேசினால் எங்கட வீட்டில் ரீவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அப்பா சொல்வார்: "அவர் எங்களைச் சொல்லேல்லை, பிள்ளை. அவையளைத்தான் சொல்லுறார்."

அவையள் என்றால் இஸ்மாயில் அண்ணை.

எங்கட தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அந்தாளைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் அப்பா. வேண்டாம் என்று வீட்டில் நின்று கத்தினேன்.

"பெரிய மனுசன் வாறார். மரியாதை குடுக்கவேணும். உனக்கு உது விளங்காது."

அப்பா மேடையில் அந்தாளுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்ற நேரம், வாழையிலைப் பெட்டியோடு பின் கதவால் வந்தார் இஸ்மாயில் அண்ணை. பார்த்தார். பெட்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படம் தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் வந்தது. கீழே: "இவர்கள் உழைக்கிறார்கள், தொல்லை தருவதில்லை. மற்றவர்களும் பழகட்டும்." ஊரில் எல்லாத் தபால் பெட்டியிலும் போட்டார்கள். அண்ணையின் பெட்டியிலும்...

அடுத்த முறை கடைக்குப் போனபோது தரையைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"அப்பா படத்தில நல்ல வடிவு," என்று டேனிஷில் சிரித்தார். "இவ்வளவு காலம் கறிவேப்பிலை தந்தன், எனக்கு ஒரு துணி போர்த்தேல்லையே! நான் குள்ளம், பாதித் துணியே போதும்."

பிறகு சிரிக்கவில்லை.

"இந்தாள் முதன்முதல் இந்த ஊருக்கு வந்து ஆரைத் திருப்பி அனுப்பவேணும் எண்டு பேசினது? அப்பாவைக் கேள். உங்களைத்தான், தமிழரை. பக்டரி வாசலில நானும் அப்பாவும் ஒண்டா நிண்டு கேட்டனாங்கள்."

கேட்டேன். அப்பா மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம்," என்றார். "நினைவிருக்கு."

எழுதவே கூசுகிறது. நினைவிருந்தும் போர்த்தின பொன்னாடை அது.

அதற்குப் பிறகு அப்பா அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. ஒரு கட்டுக் கீரைக்கும் ஹெர்னிங் நகரம் வரை கார் ஓடினார். நான் போனால் ஒவ்வொரு முறையும் அண்ணை கேட்பார், "அப்பா எப்ப வாறார்?"

"வருவார்," என்பேன்.

இன்று காலையிலிருந்து சங்க வட்ஸ்அப் குழு முழுக்கக் கும்பிடுகிற கைகள். "எங்கட ஆள் மாதிரி இருந்தவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கட ஆள் மாதிரி! அந்த மேடைக்குக் கீழே நின்று கை தட்டினவரும் அவர்தான்.

அடக்கத்துக்கு வெளிக்கிடும்போது அப்பா அலுமாரியிலிருந்து புதுப் பொன்னாடை ஒன்றை எடுத்தார். உறை பிரிக்காதது. தனக்கு ஒரு துணி போர்த்தவில்லை என்ற அண்ணையின் பகிடியை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"போர்த்த விடுவினமோ?"

"அவையின்ர முறையில அது இல்லையப்பா. வெள்ளைத் துணி மட்டும்தான்."

திரும்ப மடித்து உள்ளே வைத்தார். மடிக்க நிறைய நேரம் எடுத்தது.

மையவாடியில் எல்லாருக்கும் பின்னால், மதிலோடு நின்றார். அண்ணையின் மகன் கண்டுவிட்டு வந்து மண்வெட்டியை நீட்டினார். அப்பா வாங்கினார். குழிக்குள் மண் அள்ளிப் போட்டார்.

இஸ்மாயில் அண்ணை... அப்பா இண்டைக்கு வந்தவர்.