குதிகால் அக்கா

"கொஞ்சம் திரும்புங்க. இன்னும். ம், இப்ப செருப்பைக் கழட்டுங்க."

படியேறி வருகிற எவரிடமும் அந்த அம்மாள் முதலில் பேசுவது இதுதான். முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். பார்வை பிடரியில் ஒரு தரம் விழும். பிறகு குதிகாலில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் யாத்திரைப் பாதை முழுக்க அவருக்குக் குதிகால் அக்கா என்று பெயர்.

சாலையோரம் நாலே அறை கொண்ட விடுதி அவருடையது. தலத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முக்கில் பெரிய ஓட்டல்கள் உண்டு. இருந்தும் குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டு, முக்கில் இறங்கி, செருப்பில் மண்ணைப் பூசிக்கொண்டு நொண்டியபடி வருகிற மகராசன்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் காலில் துணி சுற்றிக்கொண்டே வந்து சேர்ந்தார். அக்கா விடாமல் பிரித்துப் பார்த்தார். உள்ளே பூப்போன்ற பாதம்.

"கொப்புளம் எங்க? வழியில விழுந்திருச்சா?"

சமையலறையிலிருந்து வீட்டுக்காரர் தலையை நீட்டுவார். "முதமுதல்ல என்னைப் பாத்தப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுதாங்க நின்னா. வெக்கம்னு நெனச்சேன். காலைப் பாத்திருக்கா!"

பாதை நேர் மேற்கே போகிறது. விடியலில் கிளம்புகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் நடையை முடித்துவிடுவார்கள். ஆகையால் சூரியன் முதுகுப் பக்கம்தான், கருகுவது பிடரி. மண் பூசத் தெரிந்தவனுக்கும் பிடரியைக் கருக்கிக்கொள்ளத் தெரியாது என்பது அக்காவின் கணக்கு.

அன்று மதியம் ஒருவர் வந்தார். மிச்சம் இருந்தது ஒரே கட்டில். குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிடரி பளிச்சென்று இருந்தது. முகம்தான் தோலுரிந்து கிடந்தது.

"மூஞ்சி வெந்திருக்கு, பிடரி அப்படியே இருக்கு. பின்பக்கமாவே நடந்து வந்தீங்களோ?"

"திரும்பி நடக்கிறேன் அக்கா."

"போகும்போது நடை, வரும்போது பஸ்சு. இந்தப் பாதையில திரும்பி நடக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல. கதை விடாதீங்க."

அடுத்த விடுதி அந்தக் காலுக்கு எட்டாத தூரம். அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன்கூடக் கிளம்பினேன் அக்கா. மெதுவா நடக்கிறான்னு பாதி வழியில ஒரு வார்த்தை சொல்லிட்டேன். 'உனக்குக் கால் இருக்கு, போ'ன்னான். நானும் போயிட்டேன். தலத்துல எத்தனை நாள் காத்திருந்தும் ஆளைக் காணோம். போனும் அணைஞ்சு கிடக்கு. பஸ்ல போனா, எதிர்ல நடந்து வர்றவனை எப்படிப் பாக்கிறது?"

"சாவியைக் குடேன், பாவம்" என்றது சமையலறை.

"நீங்க அடுப்பைப் பாருங்க."

வந்தவர் போனில் அண்ணன் படத்தை நீட்டினார். அக்கா கையால் ஒதுக்கினார்.

"மூஞ்சி எனக்கு எதுக்கு? கால் எப்படி இருக்கும், அதைச் சொல்லுங்க."

கூடப்பிறந்தவன் காலை யார் கவனிக்கிறார்கள்? அவர் திணறினார். பதில் வரத் தாமதமாகத் தாமதமாக அக்காவின் உதடு கோணிக்கொண்டே போனது. திடீரென்று அவர், "வலது கட்டைவிரல்ல நகம் கிடையாது. சின்னதுல கதவை இழுத்துச் சாத்தினேன், இடையில அவன் கால் மாட்டிக்கிச்சு" என்றார்.

அக்கா கண்ணை மூடினார். வந்துபோன கால்களெல்லாம் உள்ளே ஒருமுறை நடந்துபோயிருக்க வேண்டும்.

"அந்தக் கால் இன்னும் இங்க வரல."

"நிச்சயமாவா அக்கா?"

"இந்த வட்டாரத்துல தண்ணிக் குழாய் இது ஒண்ணுதான். இங்க நிக்காம ஒருத்தரும் தாண்ட முடியாது. உங்க காலும் அன்னைக்கு இங்க நின்னுதான் போச்சு; அப்ப வெடிப்பு இல்ல, அதான் சட்டுன்னு பிடிபடல. என் மாமியார் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு, கால் மறக்கல. உங்க அண்ணன் இன்னும் கிழக்காலதான் இருக்கார்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"உள்ள போய்ப் படுத்தா கண்ணசந்துடுவேன். அவன் தண்ணி குடிச்சிட்டு அப்படியே போயிடுவான். கட்டிலை வேற யாருக்காவது குடுங்க. நான் இங்கயே இருக்கேனே?"

வந்தவர் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை அக்கா பார்த்தார். அவர் கையில் இருந்த பையைப் பார்த்தார். கட்டிலே வேண்டாம் என்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கிழக்கே, காலில் புண் வந்து பின்தங்கியவர்கள் இருவர் மூவராகத் தள்ளாடி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார். வாசலில் தாம் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், பாதையைப் பார்க்கப் போட்டார். போட்டுவிட்டு, அவர் காலும் தம் கண்ணில் படும்படி அதைச் சற்றே திருப்பி வைத்தார்.