சுடாமல் திரும்பிய காடை வேட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தெற்கு டெக்சாஸில் ஒரு பண்ணையில் நடந்தது இது. ஹூஸ்டனில் இருக்கும் எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள் சிலர், குளிர்காலத்தில் லைசென்ஸ் எடுத்துக் காடை வேட்டைக்குப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். என் கணவருக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது. அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், நான் காட்டுக்குக் கிளம்பிவிடுவேன். கேலி செய்யாத ஆளில்லை; நானும் கண்டுகொள்வதில்லை.

அதற்கு முந்தைய சீசனில், காடைக் குழம்பு ஊற்றி என் மூன்று வயது மகளுக்குச் சோறு பிசையும்போது தோட்டாவிலிருந்து சிதறிய கடுகளவு ஈயக்குண்டு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. எடுத்துப் போட்டுவிட்டு ஊட்டிவிட்டேன். பிறகு குழந்தை டாக்டரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. குண்டு பறவையின் உடலுக்குள் பாயும்போது தூளாகவும் உதிருமாம். அது விரலுக்கு அகப்படாது, குழந்தையின் மூளைக்குத் துளி ஈயமும் ஆகாது என்றார். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இனி ஈயத்தால் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதனால் அடுத்த சீசனுக்கு ஈயமில்லாத ஸ்டீல் தோட்டா வாங்கிக்கொண்டு போனேன். எங்களை அழைத்துப்போகும் அண்ணன்தான் எப்போதும் தன் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்குத் தருவார். என் தோட்டாப் பெட்டியைப் பார்த்ததுமே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஸ்டீல் கெட்டி, இந்தப் பழைய குழல் தாங்காது என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கு அது தோன்றவே இல்லை. தன் பையிலிருந்து ஈயத் தோட்டாக்களை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு இதையே போட்டுக்க அம்மிணி. நாமெல்லாம் தின்னுட்டுத்தான இருக்கறோம், என்ன ஆயிப்போச்சு?"

வருடம் முழுக்கக் காத்திருந்து, விடியுமுன் எழுந்து டிரைவ் பண்ணி வந்திருந்தேன். வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மனசு சொன்னது.

"வேண்டாங்ண்ணா. நான் சும்மா கூட நடந்து வர்றேன்."

வேட்டை நாய் மோப்பம் பிடித்து நிற்கும். புதரிலிருந்து காடைகள் விர்ரென்று கிளம்பும். எனக்குக் கை பரபரக்கும். வேட்டைக்கு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் என் பங்கையும் வேண்டாம் என்றபோது அண்ணனின் முகம் வாடிவிட்டது. மகளின் சோற்றில் அகப்பட்ட குண்டையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

திரும்பி வந்து நாலு இடத்தில் விசாரித்தேன். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த தோட்டா ஒன்று இருக்கிறது. ஸ்டீல் போலக் கெட்டி இல்லை, விஷமும் இல்லை. அண்ணனின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டி, தாராளமாகப் போடலாம் என்று உறுதிசெய்துகொண்டேன். ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் ஒரு சைஸ் பெரிய குண்டாக எடுக்க வேண்டும், தூரத்துப் பறவைக்கு ஆசைப்படக் கூடாது. வாரக் கடைசிகளில், பயிற்சிக்காக வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டுச் சுட்டுப் பழகினேன்.

அடுத்த முறை போனபோது, எட்டாத காடைகளைப் பேசாமல் விட்டுவிட்டேன். பக்கத்தில் எழும்பிய ஒன்றைச் சுட்டேன்; துடிக்கக்கூட இல்லை, அப்படியே விழுந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் போய் அதை எடுத்து வந்து, புரட்டிப் பார்த்து, என் கையில் கொடுத்தார்.

"இந்தத் தோட்டா இன்னொரு பெட்டி வச்சிருக்கறயா அம்மிணி? ஊட்ல மருமக மாசமா இருக்கறா."

அதற்குப் பிறகு எத்தனையோ காடைகளைச் சுட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு தோட்டாகூடப் போடாமல் நடந்த அந்த ஒரு நாளைத்தான், என் மகள் வளர்ந்ததும் அவளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லப் போகிறேன்.