செல்வராஜுக்கு நான் போட்ட வாழ்த்து

எங்க கோலார் ஸ்கூல் குரூப்பில் காலையில் வர்ற எல்லா மெசேஜுக்கும் முதல் பதில் என்னுடையதுதான். படிச்சுப் பார்த்துட்டா போடுவாங்க? கை பழகிடுச்சு.

இன்னைக்கு எங்கூடப் படிச்ச செல்வராஜ் எழுதினதுக்கு, "சூப்பர்டா, வாழ்த்துகள்!" என்று போட்டேன். உடனே போன் பண்ணிட்டான்.

"டேய், நான் எழுதினதைப் படிச்சியா?"

"படிக்காமலா!" என்றேன். அப்புறம்தான் படிச்சேன். 'ஒரு மாசமா எதுலயும் பிடிப்பில்லை, வெளிய போகவே தோணலை'ன்னு எழுதியிருக்கான்.

"மன்னிச்சுக்கடா."

"பரவாயில்லை. எண்பது பேர்ல நீ ஒருத்தன்தான் பதிலே போட்ட."

சுருக்குன்னு குத்திச்சு. கூப்பிடாமலே ஓடி வர்ற ஆளுன்னு எனக்கு ஒரு காலத்துல ஊரெல்லாம் பேரு. அந்த ஆளை நானே பார்த்து ரொம்ப நாளாச்சு.

நான் இருக்கிற ஈஜிபுராவிலிருந்து அவன் வீடு இருக்கிற ஆஸ்டின் டவுனுக்கு மூணே நிமிஷத்தில் ஆட்டோவைப் பறக்க வெச்சேன். சிக்னலெல்லாம் எனக்காகவே பச்சையா மாறுச்சு, நம்பினா நம்புங்க.

கதவைத் திறந்தவன், "வாழ்த்து சொல்ல நேர்லயே வந்துட்டியா?" என்று சிரிச்சான். ரெண்டு பேரும் கீழே இறங்கிப் போய் டீ குடிச்சோம். ஒரு மாசத்துல இன்னைக்குத்தான் தெருவைப் பார்க்கிறானாம்.

நாளைக்கும் போறேன். கூட வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க. வெறும் கட்டைவிரல் காட்டுறவங்க வீட்டிலேயே இருங்க.